சூடு பார்க்கிறவர்

கம்பியை உருவி எடுத்ததும் அதன் நுனியை விரலால் தொடமாட்டார். இடது முழங்கையின் உட்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில், பட்டும் படாமலும் ஒரு தடவை வைத்து எடுப்பார். கண் மூடியிருக்கும். பிறகு "ம்" என்பார். அந்த "ம்" இழுபட்டு வந்தால் எல்லாம் சுகம். வெட்டென்று வந்து நின்றால், கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு இடத்தில் குத்தப்போகிறார் என்று அர்த்தம்.

அவர் குத்துவது நிலக்கரி மேட்டை. கம்பி அவர் உயரத்தைவிடக் கூடுதல். ஒரு முனை கூர். மறுமுனையில் பிடிக்கத் தோதாகப் பழைய துண்டு சுற்றியிருக்கும். கரிக்குள் அதை இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே குந்தி, ஒரு டீயைக் குடித்து முடித்து, அப்புறம் உருவுவார். அதற்குள் மேட்டின் வயிற்றில் என்ன சூடு இருக்கிறதோ அது கம்பியில் ஏறியிருக்கும். கம்பெனி நீளமான வெப்பமானி ஒன்றும் கொடுத்திருக்கிறது. அதையும் ஒழுங்காகச் செருகிப் பார்த்து, அது காட்டும் எண்ணை ஆபீசுக்குச் சொல்லிவிடுவார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துத்தான் போகும். ஆனால் முதல் மரியாதை கம்பிக்கு.

வீட்டிலும் இதே பழக்கம். டீ டம்ளர், குளிக்கிற தண்ணீர், மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் நெற்றி, எல்லாவற்றுக்கும் அந்த முழங்கைதான். கடையிலிருந்து வந்த ரொட்டியையும் விடமாட்டார். "அது என்ன பத்திக்கவா போகுது? வெச்சுட்டுச் சாப்பிடுங்க," என்பார் அவர் மனைவி. பல வருஷங்களாகச் சொல்கிறார். பல வருஷங்களாக ரொட்டி முழங்கையைத் தொட்டுவிட்டுத்தான் வாய்க்குப் போகிறது.

மின்நிலையத்தில் எல்லாருக்கும் அவர் மேட்டுக்காரர். அவருடைய உத்தியோகத்துக்குச் சம்பளச் சீட்டில் நீளமாக ஒரு பெயர் உண்டு. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைத் தேடுகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்ப்பார்.

நிலக்கரியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டால் அது பாட்டுக்குக் கல் மாதிரி கிடக்கும் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். கிடக்காது. இடுக்கு வழியாகக் காற்று போகும், மழை ஈரம் சேரும், உள்ளுக்குள் மெல்லச் சூடேறும். யாரும் நெருப்பு வைக்க வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும். வந்த கரி வந்தபடி உலைக்குப் போய்க்கொண்டிருந்தால் வம்பில்லை. சூடேற அதற்கு நேரமே கிடைக்காது. தேங்கினால்தான் ஆபத்து. "ஓடுற வரைக்கும் அது சரக்கு. நின்னா அது நோயாளி," என்பார் மேட்டுக்காரர். ஆகவே கரியை எரித்துக் கரண்டு எடுக்கிற கரி யூனிட் ஓடும்போது அவருக்கு வேலை குறைவு. அது நின்றுவிட்டால்தான் முதுகு ஒடிய வேலை. உலகத்தில் தன் இயந்திரம் ஓடாதபோது அதிகம் வியர்க்கிற ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. விடிவதற்கு முன்னால் கரி ரயில் வந்து நிற்கும். பெட்டிகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும் சத்தம் தலைமாட்டில் கேட்டால்தான் குடியிருப்பில் பாதிப் பேருக்கு விழிப்பே வரும். ரயில் வராத நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போனதுண்டு. ஒரு பக்கம் கொட்டக் கொட்ட, மறுபக்கம் பெல்ட் உலைக்கு அள்ளிக்கொண்டு போகும். மேடு அப்படியே நிற்பது போலத் தெரியும். ஆனால் போன மாதம் பார்த்த மேட்டில் ஒரு துண்டுகூட இந்த மாதம் இருக்காது. சப்பைத் தரையில் கட்டிய ஊருக்கு அது ஒன்றுதான் உயரம். வழி கேட்கிறவர்களுக்கு, "மேட்டுக்கு இந்தப் பக்கம்", "மேட்டுக்கு அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு அதன் உச்சிக்கு ஏறினார். வாட்ச்மேன் கண்டுகொள்ளவில்லை. ஒரு பழைய போர்வையை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. "அத்தனையும் நம்ம கரிதான்," என்றார் அவர். இதுவரை அவர் பேசிய காதல் வசனம் அது ஒன்றுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். "இறங்கி வந்து முகம் கழுவினா மூக்குக்குள்ள வரைக்கும் கரி. இவரு அக்கரை விளக்கைப் பத்திப் பேசறாரு." சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு நிற்கும். அதை மேட்டுக்காரர் பார்க்காதது போலப் பார்ப்பார்.

பிறகு புகை வரி வந்தது. சட்டத்தில் அதற்கு வேறு பெயர். ஜனங்கள் வைத்த பெயர் இது. வானத்துக்குள் விடுகிற புகைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அதே கரண்டுக்குக் கரி விடுகிற புகையில் எரிவாயு ஏறக்குறைய பாதிதான் விடும். ஆகவே வரியும் பாதி. கரியை யாரும் தடை செய்யவில்லை. கதவைச் சாத்தாமல் வாசற்படியை மட்டும் வருஷா வருஷம் உயர்த்திக்கொண்டே போனார்கள். கால் எடுத்து வைக்க முடிந்தவன் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். மின்நிலையக்காரர்கள் கரி யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒரு எரிவாயு யூனிட்டைக் கட்டினார்கள். அதற்கு மெல்லிசாக, பளபளவென்று ஒரு புகைபோக்கி. "ஊதுகுழல்" என்றார் மேட்டுக்காரர். இன்றைக்கு வரைக்கும் அவருக்கு அது ஊதுகுழல்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தலைமை ஆபீசிலிருந்து ஒரு போன் வரும். இன்றைக்கு எதில் எடுத்தால் கரண்டு மலிவு, கரியிலா வாயுவிலா என்று அங்கே கணக்குப் போட்டுச் சொல்வார்கள். எது மலிவோ அது ஓடும், மற்றது சும்மா நிற்கும். கேன்டீன்காரர் அதைக் கேட்டு வந்து பலகையில் சாக்பீஸால் எழுதுவார். கரி என்றால் ஒரு கறுப்பு வட்டம். கேஸ் என்றால் வெறும் வட்டம். டீ குடிக்க வருகிறவர்கள் சர்க்கரைக்கு முன்னால் வட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வட்டம் மேட்டுக்காரர் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. காரணம் மாப்பிள்ளை. மகள் கட்டிக்கொண்டது எரிவாயு யூனிட்டில் ஆபரேட்டராகச் சேர்ந்த பையனை. முதல்முதல் வீட்டுக்கு வந்த அன்று வெள்ளைச் சட்டை போட்டு வந்து, விஷயம் தெரியாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். எழுந்து போகும்போது தோள் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கரித்தூள். மகள் துணியால் தட்டப் போய் அது நன்றாக இழுபட்டுவிட்டது. "சட்டையைக் கழட்டிக் கொடுங்க தம்பி, துவைச்சுத் தர்றோம்," என்று மாமியார் சொல்ல, "வேண்டாம் அத்தை, நம்ம குடும்பத்துல சேர்ந்ததுக்கு முத்திரையா இருக்கட்டும்," என்றாராம் அவர். அந்த ஒரு பேச்சில் பெண்ணைக் கொடுக்க முடிவு செய்துவிட்டேன் என்பார் மேட்டுக்காரர். மகள் ஒரு மாதம் முன்னாலேயே முடிவு செய்திருந்தாள் என்பது வேறு.

மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தால் வேடிக்கை ஆரம்பிக்கும். யாருடைய யூனிட் அன்றைக்கு ஓடுகிறதோ அவருக்குத்தான் காற்று வரும் நாற்காலி. இது எழுதாத சட்டம்.

"என்ன மாமா, இன்னைக்கும் நீங்க ஓரமாத்தான் உக்காரணும் போலிருக்கே."

"உக்காருங்க, உக்காருங்க. உங்க கேஸ் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து குழாய்ல வருது. ஒருநாள் அங்க எவனாவது திருகை மூடிட்டா அப்போ என் நாற்காலியைத் தேடி வருவீங்க."

"அதுவரைக்கும் காத்து வாங்கிக்கறேன்."

மகள் தட்டை நங்கென்று வைப்பாள். "ரெண்டு பேரும் சாப்பிடறீங்களா, இல்ல நான் எழுந்து போய் அந்த நாற்காலியில உக்காந்துக்கவா?"

மாப்பிள்ளை கையில் ஒரு பலமான ஆயுதம் உண்டு. ஒரு கோடைக்காலத்தில் மேட்டுக்காரர் கம்பியை வெயிலில் சாத்தி வைத்துவிட்டு மறந்துபோனார். அப்புறம் எடுத்து, மேட்டில் குத்தி, டீகூடக் குடிக்காமல் அவசரமாக உருவி முழங்கையில் வைத்தார். சுரீர் என்றது. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, அரை மேட்டை நனைத்துவிட்டுப் போனது. உள்ளே தோண்டிப் பார்த்தால் கரி ஜில்லென்று இருந்தது. நனைந்த கரி உலையில் சரியாக எரியாமல் ஒரு வாரம் எல்லாரையும் படுத்தியது. அதிலிருந்து அவர் எதைச் சூடு என்று சொன்னாலும் மாப்பிள்ளை முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்பார்: "நிழல்ல வெச்ச கம்பிதானே மாமா?"

இந்த வீட்டில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அது மனைவி. எரிவாயு ஓடத் தொடங்கிய வருஷம் அவர் கடைக்குப் போய் வெள்ளைத் துணி எடுத்து வந்தார். தானே தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டார். அந்த வீட்டுக்கு வந்த நாளாக அங்கே தொங்கியது காபிக் கலர் திரைதான். அழுக்கு தெரியாது என்பது ஒன்றுதான் அதன் அழகு. வெள்ளைத் திரை தொங்கிய முதல் வாரம், வேலை எதுவும் இல்லாமலே ஜன்னல் பக்கம் வந்து வந்து நின்றார். காலையில் விரலால் ஜன்னல் கட்டையைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்ப்பார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்து குளிர்காலத்தில் ஒரு இருமல் உண்டு. அந்த வருஷம் அது எட்டிப் பார்க்கவில்லை.

மேட்டுக்காரர் சொன்னபடியே ஒருநாள் திருகை மூடினார்கள். எங்கேயோ சண்டை, குழாயில் வரத்து குறைந்தது, எரிவாயு விலை எகிறியது. புகை வரியைச் சேர்த்துக் கட்டினாலும் கரிதான் மலிவு என்று ஆகிவிட்டது. கேன்டீன் பலகையில் நாளுக்கு நாள் கறுப்பு வட்டம். ரயில் மறுபடி வந்தது. மேட்டுக்காரர் காற்று வரும் நாற்காலியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை பக்கம் பார்க்காமலே, "நல்லா வீசுது," என்றார். அதே சாயங்காலம் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி வெள்ளைத் திரையைக் கழற்றினார். சோப்புப் போட்டு அலசி, இஸ்திரி போட்டு, மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுக் காபிக் கலரை மாட்டினார். அதன் பிறகு வாயு விலை இறங்கியது, கரி நின்றது, மறுபடி கரி ஓடியது, மறுபடி நின்றது. திரை மட்டும் மாறவில்லை. யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "கவர்மெண்டு முதல்ல ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறம் மாட்டறேன். ஏறி ஏறி இறங்க எனக்கு முழங்கால் இல்ல."

அரசாங்கம் வந்த முடிவு இப்படி. கரி யூனிட் தினப்படி ஓட வேண்டியதில்லை. வாயு தட்டுப்பாடு வந்தால் மட்டும் எழுந்து நிற்க, தயாராக இருந்தால் போதும். அப்படிச் சும்மா காத்திருப்பதற்குக் கம்பெனிக்கு ஒரு கூலி. ஆனால் நிபந்தனை உண்டு. முன்பு வேறொரு ஊரில் இப்படித் தேங்கிக் கிடந்த மேடு தீப்பிடித்துக் குடியிருப்பே புகைமூட்டத்தில் கிடந்தது. அதனால், மேடு உள்ளுக்குள் சூடேறியது என்று ஒரு தடவை தெரியவந்தாலும் அனுமதி போச்சு. கரியை விற்றுக் காலி செய்து, யூனிட்டையும் நிரந்தரமாக மூடிவிட வேண்டும். ஆக, கரி யூனிட்டின் உயிர் மேட்டில் இருந்தது. மேட்டின் உயிர் மேட்டுக்காரரின் முழங்கையில் இருந்தது.

அவர் அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார். ஓரங்களைச் சரித்துவிடச் சொன்னார். புல்டோசரை மேலே ஏற்றி மிதிக்கச் சொன்னார். கரி இறுகினால் காற்று புகாது. காற்றடிக்கும் பக்கத்தில் தார்ப்பாய் போட்டார். குளிர்காலம் முழுக்க மேடு சமர்த்தாக இருந்தது. யூனிட் ஒருநாள்கூட எழுந்திருக்கவில்லை. ரயில் வரவில்லை. இருந்த கரி இருந்தபடியே கிழடு தட்டிக்கொண்டிருந்தது.

முதலில் சேதி சொன்னது கேன்டீன் பூனை. மேகம் மூடிய ஒரு காலை. குளிர் எலும்பில் ஏறுகிறது. பூனை அடுப்படியை விட்டுவிட்டு, மேட்டின் வடக்குத் தோளில் சுருண்டு படுத்திருந்தது. மேட்டுக்காரர் கீழே நின்று அதையே பார்த்தார். "எறங்கு," என்றார். அது ஒரு கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. மேலே ஏறிப் போய் அதைத் தூக்கி, முதலில் அதன் வயிற்றைத்தான் முழங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அது படுத்திருந்த இடத்தில் கம்பியை இறக்கினார். டீ குடித்தார். உருவினார். "ம்" வரவே இல்லை. முழங்கையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் வந்தது.

அன்றைக்கு வெப்பமானியை அவர் அந்தத் தோளில் செருகவில்லை. தெற்குப் பக்கம் செருகி, அது காட்டியதை ஆபீசுக்குச் சொன்னார். பொய் இல்லை. நிஜமும் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு வெறும் வட்டம். காற்று வரும் நாற்காலி அவருடையது. ஆனாலும் அதில் உட்காராமல் மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகளும் அவள் அம்மாவும் உள்ளே இருந்தார்கள்.

"கம்பி வெயில்ல இருந்திருக்கும் மாமா," என்றார் மெதுவாக. கிண்டல் இல்லை. அப்படி இருந்தால் தேவலை என்ற குரல்.

"வெயில் எங்க மாப்பிள்ளை? வாரம் பூரா மேகம்."

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "சொல்லாதீங்க," என்றார்.

மேட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் ஓரத்து நாற்காலிக்குத் தன்னைத் தள்ளிக் கிண்டலடித்த பிள்ளை.

"நான் உங்களுக்காக மட்டும் சொல்லலை மாமா. கரி யூனிட் இருக்கற வரைக்கும்தான் கேஸ்காரன் விலையை அடக்கி வாசிப்பான். ஓவரா ஏத்தினா நம்ம கரிக்குப் போயிடுவோம்னு அவனுக்குத் தெரியும். இது போயிடுச்சுன்னா அவன் வெச்சதுதான் விலை. அது மட்டுமில்ல. கேஸுக்கும் புகை இருக்கே. வரி எங்களுக்கும் ஏறிக்கிட்டுத்தான் வருது. இன்னைக்கு உங்க வாசப்படி, நாளைக்கு எங்க வாசப்படி. நடுவுல நீங்க நிக்கறது எங்களுக்கும் நல்லது."

"என்ன பண்ணச் சொல்றீங்க?"

"டோசர்க்காரர்கிட்ட நான் பேசறேன். காலையில வடக்குப் பக்கம் ஏத்தி நல்லா மிதிச்சுவிட்டா காத்து அடைஞ்சிடும். தானா ஆறிடும். நீங்களே அந்தக் காலத்துல அப்படிப் பண்ணினதாச் சொல்லியிருக்கீங்களே."

சொல்லியிருக்கிறார். செய்தும் இருக்கிறார். இளஞ்சூட்டில் பிடித்தால் அது நடக்கும். மேட்டுக்காரர் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து நேராக வாயில் வைத்தார். உள்ளிருந்து வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மறுநாள் அவர் யார்டுக்குப் போனபோது புல்டோசர் மேட்டின் அடிவாரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுகிறவர் அவரைவிட இளையவர், உடம்பு பெருத்தவர், வாயும் அப்படித்தான்.

"என்னண்ணே, மாமனார் மருமகன் கூட்டணி எல்லாம் போடறீங்க? கரியும் கேஸும் ஒண்ணு சேர்ந்தா ஊர் தாங்குமா?"

"கொஞ்சம் இரு. ஒரு குத்துக் குத்திப் பார்த்துட்டு வர்றேன்."

"நேத்துக் குத்தினது பத்தலையா? அதுக்கும் வலிக்கும்ணே."

மேட்டுக்காரர் வடக்குத் தோளுக்கு ஏறினார். பூனை வந்திருக்கவில்லை. படுக்க முடியாத அளவுக்கு ஆகிவிட்டதோ என்னவோ. கம்பியை நிறுத்திப் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் கொடுத்து அழுத்தினார். எப்போதும் கரி கம்பியைத் தடுக்கும். மல்லுக்கட்டித்தான் உள்ளே இறங்கும். கொஞ்ச தூரம் அப்படித்தான் இறங்கியது. பிறகு சட்டென்று பிடி விட்டது. வெண்ணெயில் இறங்குவது போல, துண்டு சுற்றிய பிடி வரைக்கும் கம்பி விழுந்தது. அவரும் அதோடு முழங்கால் மடிந்து விழுந்தார். அடியில் கரி இல்லை. எரிந்து, சாம்பலாகி, குழிந்து, மேலே ஒரு தோலை மட்டும் போர்த்திக்கொண்டு மேடு நின்றிருந்தது.

அசையாமல் அப்படியே கிடந்தார். கம்பியின் ஓரமாக மெல்லிசாக ஒரு ஆவி வந்து முகத்தில் அடித்தது. அந்த வாசனை அவருக்குப் பழக்கம். கரி ரயில் வந்து நின்ற காலைகளில் தலைமாட்டில் வந்த வாசனை. ஒரு மூச்சு ஆழமாக இழுத்தார். பிறகு வயிற்றில் தேய்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து இறங்கினார். கம்பி அங்கேயே நின்றது.

கீழே டோசர்க்காரர் கியரைப் போட்டுக்கொண்டிருந்தார். மேட்டுக்காரர் நேராக வண்டிப் படியில் ஏறி, கையை நீட்டி, சாவியைத் திருகி உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே? உங்க மாப்பிள்ளைதான் ஏறச் சொன்னாரு."

"நான்தான் இறங்கச் சொல்றேன்."

"அப்போ மேடு?"

"நீ இறங்கு முதல்ல."

மேலாளர் ஒரு பெண்மணி. மேட்டுக்காரரின் மகளைவிட வயது கொஞ்சம் கூட இருக்கும். மேட்டின் வேதியியல் எல்லாம் படித்தவர். வந்த புதிதில் இரண்டு தடவை கூடவே ஏறிக் கம்பி குத்திப் பார்த்தவரும்கூட. சட்டையெல்லாம் கரியும் சாம்பலுமாக வந்து நின்றவரைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

"வடக்குத் தோள் உள்ள எரிஞ்சு போச்சும்மா. குழி விழுந்திருக்கு. ஆளை யாரையும் மேல ஏத்தாதீங்க."

அந்த அம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது மேலிடத்துக்குப் போச்சுன்னா அனுமதி திரும்பி வராது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"நேத்தே தெரியுமா?"

"நேத்துச் சூடுன்னு தெரியும். குழின்னு தெரியாது. சொல்ல மனசு வரலைம்மா."

மேலாளர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மா ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே உங்களை எங்க போடறதுன்னு எனக்குத் தெரியலையே," என்றார்.

"கேஸ் பக்கம் போடுங்க. கத்துக்கறேன். அங்க குத்திப் பார்க்க ஒண்ணும் இல்ல, அது ஒண்ணுதான் கஷ்டம்."

நீளக் கை இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, எட்ட நின்று வடக்குத் தோளை உடைத்தார்கள். உள்ளே உலை வாய் மாதிரிச் சிவந்த ஒரு குகை. புல்டோசரை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. டோசர்க்காரர் அதை வெகுநேரம் பார்த்தார். அவர் வாயை மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் வந்து நின்றார். குகையைப் பார்த்தார், டோசர்க்காரரைப் பார்த்தார், மாமனார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் வெளிர்ச் சட்டையில் சாம்பல் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர் தட்டிவிடவில்லை.

ஆறவைத்த கரியை லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. போகப் போக மேடு தோள் இழந்தது, இடுப்பு இழந்தது, பிறகு ஒரு கறுப்புத் தரை மட்டும் மிஞ்சியது. கேன்டீன் பலகையில் இப்போது வட்டம் போடுவதில்லை. போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் டீ குடிக்க வருகிறவர்கள் பழக்கத்தில் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை கேட்கிறார்கள். வழி சொல்கிறவர்கள் இன்னமும் "மேட்டுக்கு இந்தப் பக்கம்" என்கிறார்கள். கேட்கிறவர் திருதிருவென்று விழிக்கிறார். கம்பியை எடுத்து வந்து மேட்டுக்காரர் கையில் கொடுத்தது மாப்பிள்ளைதான். நுனி தீய்ந்து கொஞ்சம் வளைந்திருந்தது. இப்போது அது வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நிழலில்.

கடைசி லாரி போன அன்று மேட்டுக்காரர் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். மேஜையில் காற்று வரும் நாற்காலி காலியாக இருந்தது. மாப்பிள்ளை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேட்டுக்காரர் இரண்டிலும் உட்காரவில்லை. அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, உள்ளே கைவைக்காமல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அடியிலதானே வெச்சே?" என்று மனைவியைக் கேட்டார்.

"எதை?"

அவர் ஜன்னல் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார்.

மனைவி அவரையே பார்த்தார். "நாளைக்கே மறுபடி விலை ஏறி, எங்கேயிருந்தாவது கரியைக் கொண்டாந்து கொட்டிட்டாங்கன்னா? என்னால மறுபடி ஏறிக் கழட்ட முடியாதுங்க."

"நான் ஏறறேன்."

பின்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சோப்பைத் தேய்த்தார், அலசினார், மறுபடி தேய்த்தார். வந்து, மனைவி முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். ரேகைகளுக்குள், நகக்கண்களுக்குள், கறுப்பு அப்படியே இருந்தது. அது இந்தச் சோப்புக்குப் போகிற கறுப்பு இல்லை. மனைவி பெட்டியைத் திறந்து வெள்ளைத் திரையை எடுத்து வந்தார்.

மேட்டுக்காரர் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டார். முழங்கைகளின் உட்பக்கத்தைச் சேர்த்து நீட்டி, துணியை அதன்மேல் வாங்கி, அப்படியே ஏந்திக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.